தோத்தாங்குளி டீமைத் தூக்கி நிறுத்தும் கோச்!

ஃபுட்பால்னு சொன்னதும் மெஸ்ஸி, ரொனால்டோன்னு மனசு ஓடுதா? பிரேக் போடுங்க பாஸ்! நான் சொல்றது அமெரிக்கன் ஃபுட்பால். பந்து ரெண்டு பக்கமும் கூராக இருக்கும். தலையில ஹெல்மெட், தோள்ல கவசம் மாட்டிக்கிட்டு ஆளோட ஆள் முட்டி மோதுவாங்க. காலால் உதைப்பதைவிட, கையில் வைத்துக்கொண்டு ஓடுவதுதான் ஜாஸ்தி. அப்புறம் ஏன் ‘ஃபுட்’பால்னு பேர் வெச்சாங்கன்னு என்னைக் கேக்காதீங்க!

அங்கே காலேஜ் டீம் ஆடினாலே ஊரே திரண்டுவிடும். மிச்சிகன் பல்கலைக்கழக ஸ்டேடியத்தில் மட்டும் ஒரு லட்சம் பேருக்கு மேல் உட்காரலாம். பல மாநிலங்களில் அரசுச் சம்பளம் வாங்குபவர்களிலேயே டாப் யார் தெரியுமா? கவர்னர் இல்லீங்க... பல்கலைக்கழக டீமின் ஹெட் கோச்! அதனால், டீம் தோற்றால் முதலில் உருளும் தலையும் அவருடையதுதான்.

சரி, எங்கேயோ இருக்கிற இந்த ஆட்டத்தைப் பற்றி எனக்கென்ன இவ்வளவு அக்கறை?

நான் எங்க காலேஜ் வாலிபால் டீம்ல இருக்கேன். டீம்ல இருக்கேன்னா... பெரும்பாலும் பெஞ்ச்சுல இருக்கேன். மூணு வருஷமா ஸோனல் மேட்ச்ல முதல் ரவுண்டைத் தாண்டினதில்லை. ‘என்னடா, டூர் முடிஞ்சு வந்தாச்சா?’ன்னு ஹாஸ்டல்ல வரவேற்பு கொடுப்பாங்க. பி.டி. சார் ரிட்டயர் ஆயிட்டார். ஜூன்ல புது சார் வர்றார். கூடவே மேலிடத்துத் தகவல் ஒண்ணும் வந்திருக்கு. ‘இந்த வருஷமும் இதே கதைன்னா டீம் வேண்டாம். ஓ.டி. கிடையாது, பஸ் கிடையாது!’

ஆக, எனக்கு ரெண்டு கேள்வி. ஒரே ஒரு ஆள் வந்து டீமை மாத்திட முடியுமா? மாத்தினா, அந்த டீம்ல நான் இருப்பேனா? இதுக்குப் பதில் தேடித்தான் அமெரிக்கா பக்கம் எட்டிப் பார்த்தேன்.

முதல்ல மாட்டியவர் பில் ஸ்னைடர். 1988 நவம்பரில் கான்சாஸ் ஸ்டேட் டீம் இவரைக் கோச்சாக நியமித்தது. அதுவரை அயோவா டீமில் உதவி கோச். கான்சாஸ் ஸ்டேட் அப்போது எந்த நிலையில் இருந்தது தெரியுமா? 1987, 1988 ரெண்டு சீசனிலும் சேர்த்து ஒரு வெற்றிகூட இல்லை. ஒரே ஒரு டிரா! அமெரிக்காவின் பிரபல ஸ்போர்ட்ஸ் பத்திரிகை ஒன்று, நாட்டிலேயே மோசமான டீம் இதுதான் என்று பக்கம் பக்கமாக எழுதி மானத்தை வாங்கியது.

ஸ்னைடர் என்ன பண்ணினார்? மேஜிக் எல்லாம் இல்லை. டீமுக்குப் புது லோகோ, புது டிரெஸ் கொண்டுவந்தார். பழைய தோல்விகளோட வாசனையே அடிக்கக் கூடாதாம்! ‘16 குறிக்கோள்கள்’ என்று ஒரு பட்டியல் போட்டார். சுயநலம் கூடாது, கட்டுப்பாடு வேணும், தப்பைக் குறை, தினமும் கொஞ்சம் முன்னேறு... இந்த மாதிரி. நம்ம பிரின்சிபால் ரூம் வாசலில் ஃப்ரேம் போட்டு மாட்டியிருப்பார்களே, அதே சமாசாரம்தான். வித்தியாசம் என்னன்னா, அங்கே அதை வருஷக்கணக்காக விடாமல் நடத்திக் காட்டினார்.

ரெண்டாவது, ஆள் பிடிக்கிற வித்தை. பெரிய டீம்கள் தேடிப் போகிற ஸ்டார் பையன்கள் இவர்கிட்ட வர மாட்டாங்க. அதனால், ரெண்டு வருஷப் படிப்பு மட்டும் இருக்கிற சின்னக் காலேஜ்களில் போய், யாரும் கவனிக்காத திறமைசாலிகளைக் கூட்டிவந்தார். மூணாவது, அட்டவணை. லீகுக்கு வெளியே யாரோடு ஆடுவது என்பதை டீமே முடிவு பண்ணலாம். இவர் ஜெயிக்கக்கூடிய எதிராளிகளாகப் பார்த்துப் போட்டார். ‘இது போங்கு’ன்னு கிண்டல் பண்ணினாங்க. ஆனா, ஜெயிச்சே பழக்கமில்லாத பசங்களுக்கு ஜெயிக்கிறதுன்னா எப்படி இருக்கும்னு முதல்ல காட்டணும் இல்லையா?

ரிசல்ட்? 1989-ல் 1 வெற்றி, 10 தோல்வி! அந்த ஒண்ணும் நார்த் டெக்சாஸ் டீமுக்கு எதிராகக் கடைசி விநாடியில் வந்தது. 20-17. 1986-க்கு அப்புறம் கிடைத்த முதல் வெற்றி. அடுத்த வருஷம் 5 வெற்றி. அதற்கடுத்து 7. 1993-ல் 9. 1998-ல் ரெகுலர் சீசனின் 11 மேட்சையும் ஜெயித்தது அதே டீம். இன்றைக்கு அந்த ஸ்டேடியத்துக்கே அவர் குடும்பப் பெயர்தான்.

‘அடேங்கப்பா, பத்து வருஷமா? நமக்கு அவ்ளோ டைம் இல்லையே!’ங்கறீங்களா? அப்போ நீங்க சந்திக்க வேண்டியவர் கர்ட் சிக்னெட்டி.

இவர் கதையில் எனக்குப் பிடித்த இடம் ஆரம்பம்தான். அலபாமா... காலேஜ் ஃபுட்பாலின் சூப்பர் ஸ்டார் டீம். அங்கே நிக் சேபன் என்ற ஜாம்பவானிடம் உதவி கோச்சாக இருந்தார். 2011-ல் அதை உதறிவிட்டு, சம்பளமும் குறைவு, கூட்டமும் குறைவு என்றிருந்த இரண்டாம் டிவிஷன் டீம் ஒன்றுக்கு ஹெட் கோச்சாகப் போனார். முன்பு அவருடைய அப்பா கோச்சாக இருந்த இடம் அது. அப்புறம் ஈலான், ஜேம்ஸ் மேடிசன் என்று படிப்படியாக ஏறி, 2023 கடைசியில் இண்டியானா பல்கலைக்கழகம் வந்தபோது வயது 62!

இண்டியானா, பெரிய டீம்களிலேயே அதிக மேட்ச் தோற்ற டீம் என்று அப்போது பெயர் வாங்கியிருந்தது. 2023-ல் 3 வெற்றி, 9 தோல்வி. அதன் சரித்திரத்தில் ஒரு சீசனில் 10 வெற்றி என்பதே கிடையாது. நிருபர் சந்திப்பில் கேட்ட கேள்விக்கு, ‘நான் ஜெயிப்பேன். கூகுள்ல தேடிப் பாருங்க’ன்னு அசால்ட்டாகச் சொன்னார் மனுஷன். 2024-ல் 11 வெற்றி, 2 தோல்வி. 2025 சீசனில் ஆடிய 16 மேட்சும் வெற்றி! 2026 ஜனவரி 19-ம் தேதி ஃபைனலில் மயாமியை 27-21 என்று வீழ்த்தி நேஷனல் சாம்பியன். ரெண்டே வருஷம் பாஸ்!

எப்படி? காலம் மாறியிருந்தது. முன்பெல்லாம் ஒரு வீரர் காலேஜ் மாறினால் ஒரு வருஷம் ஆடாமல் உட்கார வேண்டும். 2021-ல் அந்த விதியைத் தளர்த்தினார்கள். அதே வருஷம் வீரர்கள் விளம்பரங்களில் நடித்துச் சம்பாதிக்கவும் அனுமதி கிடைத்தது. 2025-லிருந்து காலேஜே நேரடியாகப் பணம் கொடுக்கலாம். சிக்னெட்டி தன் பழைய டீமிலிருந்து மட்டும் 13 பேரை அழைத்துவந்தார். அவர் பார்த்தது ‘இவன் பிற்காலத்தில் பெரிய ஆளா வருவான்’ என்கிற ஜோசியம் இல்லை. இதுவரை களத்தில் என்ன செய்து காட்டியிருக்கிறான் என்பதைத்தான். தன் சிஸ்டம் தெரிந்த பசங்க கூடவே வந்ததால், பாடத்தை முதல் பக்கத்திலிருந்து நடத்தவேண்டிய வேலையும் மிச்சம்.

இங்கேதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. 13 பேர் உள்ளே வந்தா, ஏற்கெனவே அங்கே இருந்தவங்க?

கொலராடோவில் அது நேரடியாகவே நடந்தது. 2022-ல் 1 வெற்றி, 11 தோல்வி என்றிருந்த டீமுக்கு டியோன் சாண்டர்ஸ் வந்தார். முதல் மீட்டிங்கிலேயே, ‘நீங்க வேற இடம் பார்த்துக்கலாம்’ என்கிற ரீதியில் பேசினார். கேமராவுக்கு முன்னாலேயே! அடுத்த சீசனுக்குள் 50 பேருக்கு மேல் கிளம்பிப் போனார்கள். டீம் 2023-ல் 4 வெற்றி, 2024-ல் 9 வெற்றி என்று ஏறியது. ஸ்டார்கள் கிளம்பியதும் 2025-ல் மறுபடி 3 வெற்றி, 9 தோல்வி. ஆளை மாற்றினால் டீம் மாறும்தான். ஆனா, ஆளோடு சேர்ந்தே போயும் விடும்.

கோச் மட்டும் போதுமா என்றால், அதற்கும் ஒரு சாட்சி உண்டு. ஸ்காட் ஃப்ராஸ்ட். 2015-ல் ஒரு மேட்ச்கூட ஜெயிக்காத சென்ட்ரல் ஃப்ளோரிடா டீமை 2017-ல் 13-0 என்று கொண்டுவந்தார். உடனே, தான் படித்து, ஆடி, சாம்பியனான நெப்ராஸ்கா கூப்பிட்டது. சொந்த வீட்டுக்குத் திரும்புகிற பிள்ளை மாதிரி போனார். 16 வெற்றி, 31 தோல்வி... 2022-ல் பாதி சீசன்கூட முடியாமல் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். 2021-ல் தோற்ற 9 மேட்சிலும் வித்தியாசம் 10 பாயின்ட்டுக்குள்தான்! அதே ஆள், அதே மூளை. அங்கே ஒட்டியது, இங்கே ஒட்டவில்லை. கோச் என்பவர் மருந்து மாதிரி. ஒரு உடம்புக்குக் கேட்பது இன்னொரு உடம்புக்குக் கேட்காது.

இவ்வளவும் படித்தபிறகு என் ரெண்டு கேள்விக்கும் ஓரளவு பதில் தெரிகிறது.

மாத்த முடியும். ஆனா, அதுக்கு ரெண்டு வழிதான். ஒண்ணு, ஆளை மாத்துறது. இன்னொண்ணு, இருக்கிற ஆளுக்குப் பழக்கத்தை மாத்துறது. முதல் வழிக்குப் பணம் வேணும், ரெண்டாவதுக்குப் பொறுமை வேணும். எங்க டீமுக்கு வெளியூர்லேர்ந்து யாரும் டிரான்ஸ்ஃபர் வாங்கிட்டு வரப்போறதில்லை. ஹாஸ்டல்ல இருக்கிற அதே பன்னெண்டு பேர்தான். அதுல நானும் ஒருத்தன். ஆக, எங்களுக்கு இருக்கிறது ஸ்னைடர் வழி ஒண்ணுதான்.

அந்த வழியில பெஞ்ச்சுல இருக்கிறவனுக்கும் வேலை உண்டு. காலைல அஞ்சரை மணிக்கு கிரவுண்டுல நிக்கிறது, பத்து சர்வீஸ்ல எட்டை உள்ள போடுறது, மேட்ச் தோத்த ராத்திரி ‘நம்ம ராசி அவ்ளோதான்டா’ன்னு யாராவது ஆரம்பிச்சா வாயை மூடுடான்னு சொல்றது. இதுக்கெல்லாம் ஆறடி உயரம் தேவையில்லை. அப்புறமும் சார் என்னைவிட நல்லா ஆடுற ஜூனியரை இறக்கினா... வலிக்கும்தான். ஆனா, என்னை உட்கார வெச்சு டீம் ஜெயிச்சா, அந்த டீம் உயிரோட இருக்கும். இப்போதைக்கு எனக்கு அது போதும்.

காலேஜ் நிர்வாகத்துக்கு ஒரே ஒரு விண்ணப்பம். ஸ்னைடரோட முதல் வருஷக் கணக்கு 1 வெற்றி, 10 தோல்வி. அன்னிக்கே ‘பஸ் கிடையாது’ன்னு சொல்லியிருந்தா, இன்னிக்கு அந்த ஸ்டேடியத்துக்கு வெச்சிருக்கிற பேரே இருந்திருக்காது. எங்க புது சாருக்கும் இன்னும் ரெண்டு வருஷம் பஸ் குடுங்க சார். நான் அதுக்குள்ள பாஸ் அவுட் ஆயிடுவேன். பரவாயில்லை, ஜன்னலோர சீட் ஜூனியருக்கு!