அண்ணனுக்கு ஒரு வாக்கியம்

பதினேழு ஆண்டுக் கல்வியில் ‘நான்’ என்று தொடங்கி ஒரு பக்கம் எழுத வேண்டிய தேவை அவளுக்கு நேர்ந்ததே இல்லை. பள்ளித் தேர்வு, பல்கலைக்கழகத் தேர்வு, முதுகலைக்கான பொது நுழைவுத் தேர்வு, நெட் என எல்லாமே விடையைக் கேட்டன. விடை எழுதுபவர் யார் என்று எதுவும் கேட்கவில்லை. டெல்லியில் உளவியல் முதுகலை முடித்து, கனடாவில் மருத்துவ உளவியல் பயில விண்ணப்பிக்க அமர்ந்தபோதுதான் அக்கேள்வி எதிரில் வந்து நின்றது. நோக்க அறிக்கை, மாணவர் வழக்கில் எஸ்.ஓ.பி. இரண்டே பக்கம். ஏன் இத்துறை, ஏன் இப்பல்கலைக்கழகம், ஏன் நீங்கள்?

முதல் வரைவை ஒரே இரவில் எழுதி முடித்தாள். அதில் எழுத அவளிடம் இருந்தது அண்ணன் கதை. கல்லூரி இரண்டாம் ஆண்டில் அவனுக்குக் குரல்கள் கேட்கத் தொடங்கியது. ராமகிருஷ்ணபுரம் அரசுக் குடியிருப்பின் சன்னல்களை அவன் செய்தித்தாள் ஒட்டி மறைத்தது. அண்டை வீட்டார் சொல் கேட்டு ராஜஸ்தானின் மெஹந்திப்பூர் பாலாஜி கோயிலுக்கு மூன்று முறை அழைத்துச் சென்றது. மனநல மருத்துவரிடம் போய்ச் சேர்வதற்குள் பதினான்கு மாதங்கள் கழிந்தது. சுதிர் கக்கார் 1982ஆம் ஆண்டு வெளிவந்த தம் நூலில் ராஜஸ்தானின் பாலாஜி கோயிலைப் பற்றி எழுதியிருப்பதை முதுகலை வகுப்பில் படித்த அன்று நூலகத்திலிருந்து பாதியில் எழுந்து போனதையும் சேர்த்திருந்தாள். நல்ல உரைநடைதான். படித்த தோழியர் இருவர் அழுதார்கள்.

நெறியாளர் அழவில்லை. பென்சிலால் வரிகளை எண்ணி ஓரத்தில் குறித்தார். அண்ணனுக்கு முப்பத்தொரு வரி, முதுகலை ஆய்வேட்டுக்கு மூன்று வரி. “இதைப் படிப்பவர்கள் உங்கள் அண்ணனைத்தான் சேர்த்துக்கொள்வார்கள். உங்களை இதில் காணோமே” என்றார்.

அவர் சொன்னதற்கு ஆதாரம் உண்டு. ஆப்பிள்பி என்ற பெயர்கொண்ட ஆய்வாளர் இருவர் 2006இல் வெளியிட்ட ஆய்வொன்றில், அமெரிக்க உளவியல் பட்டமேற்படிப்புகளின் சேர்க்கைக் குழுத் தலைவர்களிடம், ஒரு விண்ணப்பத்தைக் கெடுப்பவை எவை என்று கேட்டார்கள். சேதம் விளைவிக்கும் தன்னறிக்கை அவற்றுள் ஒன்று. சொந்த மனநலத் துயரை அளவுமீறித் திறந்துகாட்டுவதும், பிறருக்கு உதவத் துடிப்பதை மிகையாகப் பறைசாற்றுவதும் அதில் அடங்கின. மனநோய்க்கு வெட்கப்படாதீர்கள் என்று ஊருக்கெல்லாம் உரைக்கும் துறை, தன் வாசலில் நிற்பவரிடம் அதைப் பற்றி வாய் திறக்காதீர் என்கிறது. இதில் ஒரு பாசாங்கு இருப்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அக்குழுவின் கவலையிலும் ஒரு நியாயம் உண்டு. துயரம் பட்டதைத் துயரத்தைப் பற்றிச் சிந்தித்ததற்குச் சான்றாக அவர்களால் எடுத்துக்கொள்ள முடியாது. அவர்கள் தேடுவது ஐந்தாறு ஆண்டுகள் ஒரே கேள்வியோடு கிடக்கத் துணிந்த ஒருவரை.

அந்த ஒருவர் அவள் ஒதுக்கிய மூன்று வரிகளில் இருந்தார். ஆய்வேட்டுக்காக அவள் சந்தித்தவை பதினொரு குடும்பங்கள். நோயின் முதல் அறிகுறிக்கும் முதல் சிகிச்சைக்கும் இடைப்பட்ட காலத்தில் என்ன நடந்தது என்பதே பொருள். நெறிமுறைக் குழு ஏற்ற வினாப்பட்டியலோடு போனாள். முதல் நான்கு வீடுகளில் எதுவும் பெயரவில்லை. இரண்டு குடும்பங்கள் ஒப்புதலைத் திரும்பப் பெற்றுக்கொண்டன. ஒலிப்பதிவுகளை மறுபடி கேட்டபோது பிழை பிடிபட்டது. “மருத்துவரிடம் போக ஏன் தாமதமாயிற்று?” என்று அவள் கேட்ட நொடியிலேயே தாய்மார் குற்றவாளிக் கூண்டில் ஏறிவிட்டிருந்தார்கள். கேள்வியை மாற்றி, குழுவிடம் மறு ஒப்புதல் பெற்று, “இதை முதன்முதலில் யாரிடம் சொன்னீர்கள்?” என்று கேட்டாள். அதன் பிறகு ஒவ்வொரு நேர்காணலும் ஒன்றரை மணிநேரம் நீண்டது. கோயிலும் தர்காவும் மருந்துக்கடைக்காரரும் பள்ளி ஆசிரியரும் வரிசையாக வந்தார்கள். தாமதம் என்று அவள் பெயரிட்டிருந்த காலம், அக்குடும்பங்களின் கணக்கில் ஓயாத அலைச்சலாக இருந்தது. இதை நெறியாளர் கேட்டுத்தான் சொன்னாள். தவறியதை அறிக்கையில் எழுதலாம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. நம் தேர்வு முறையில் வளர்ந்த யாருக்கும் எளிதில் தோன்றாது.

இரண்டாம் வரைவு அங்கிருந்து தொடங்கியது. பிறருக்கு உதவும் வேட்கை, சிறு வயது முதலான ஆர்வம் ஆகியவை தாமாகவே உதிர்ந்தன. ‘ஏன் இங்கே’ என்பதற்கு முன்பு பல்கலைக்கழகத்தின் புகழைப் பாடிய பத்தி இருந்தது. இப்போது அவ்விடத்தில், சென்னையின் ஸ்கார்ஃப் நிறுவனமும் மான்ட்ரியாலின் மெக்கில் பல்கலைக்கழகமும் கூட்டாக நடத்திய ஒப்பாய்வுகள் வந்தன. முதன்முறை மனப்பிறழ்வு கண்டவர்களையும் அவர்தம் குடும்பங்களையும் இரு நகரங்களிலும் பின்தொடர்ந்தவை அவை. அவர்கள் பின்தொடர்ந்தது சிகிச்சை நிலையத்துக்குள் வந்துவிட்டவர்களை. தான் கேட்க விரும்புவது வாசலுக்கு வெளியே கழிந்த மாதங்களைப் பற்றி என்று எழுதினாள். ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் இப்பத்தியைப் புதிதாக எழுத வேண்டியிருந்தது. அதற்கு மட்டும் மூன்று வாரம் போயிற்று.

அண்ணனை என்ன செய்வது என்பது மிஞ்சியது. “வீட்டு விஷயத்தை முன்பின் தெரியாதவாளுக்கு எழுதி அனுப்பணுமா?” என்று அம்மா முன்பே கேட்டிருந்தாள். அண்ணனைக் கேட்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. பதினொரு குடும்பங்களிடம் ஒப்புதல் படிவத்தில் கையொப்பம் வாங்கியவளுக்கும் அதுவரை தோன்றவில்லை.

அவன் முனிர்க்காவில் ஒரு ஜெராக்ஸ் கடையில் நான்கு ஆண்டுகளாக வேலை பார்க்கிறான். அவளுடைய மதிப்பெண் பட்டியல்களை நகலெடுத்துக் கொடுத்ததும் அவன்தான். முதல் வரைவைக் கடையிலேயே நின்றபடி படித்தான். இடையில் இருவருக்கு ஆதார் நகல் எடுத்துக் கொடுத்தான்.

“இதுல நான் முழுக்கப் படுத்துண்டே இருக்கேன். கடைக்கு எப்போ வந்தேன்?” என்றான்.

அவளிடம் பதில் இல்லை. சற்று நேரம் கழித்து அவனே, “ஒரு வரி போதும். வைத்தியம் கிடைக்கப் பதினாலு மாசம் ஆச்சு, இப்போ வேலைக்குப் போறார்னு போடு. அண்ணான்னு வேண்டாம், குடும்பத்துல ஒருத்தர்னு போடு” என்றான்.

அவன் சொன்னபடியே எழுதினாள். டிசம்பர் முதல் தேதிக் கெடுவுக்கு இரண்டு நாள் முன்பு, பிழை பார்க்க இறுதி வடிவத்தைக் காகிதத்தில் எடுக்க அதே கடைக்குப் போனாள். இயந்திரத்திலிருந்து வந்த இரண்டு தாள்களையும் அவன் நிதானமாகப் படித்தான். தன் வரி இரண்டாம் பக்கத்தில் இருப்பதைப் பார்த்துவிட்டு, தாள்களைச் சேர்த்துப் பின் அடித்துக் கொடுத்தான்.