ஆரணி போகும் வழியில்... விமானத்தில் சீட் இல்லையா?

விடிகாலையில் ஆரணியின் நெசவுத் தெருக்களில் பாவு நீட்டியிருக்கும். வெயில் ஏறுமுன் வேலை முடிய வேண்டும். நாலு பேர் கை கொடுத்தால்தான் நடக்கும். திருவண்ணாமலை மாவட்டத்தில், கமண்டல நாகநதிக் கரையில் உள்ள இந்த ஊரின் பட்டுக்குப் புவிசார் குறியீடும் உண்டு.

தில்லிக் கண்காட்சியில் சேலை விற்றுவிட்டு ஊர் திரும்பும் நெசவாளருக்கு ஒரு நாள் தாமதம் என்றால், ஒரு நாள் தறி சும்மா நிற்கும். சென்னையில் இறங்கிய பிறகும் ஆற்காடு வழியாக மூன்று, நான்கு மணி நேரம் பஸ் பயணம் இருக்கிறது. இந்த அவசரத்தில், ‘டிக்கெட் சரி, சீட் இல்லை’ என்று விமான நிலையத்தில் சொன்னால்?

எப்படியும் சிலர் வரமாட்டார்கள் என்று கணக்குப் போட்டு, இருக்கைகளைவிட அதிகமாக டிக்கெட் விற்பது விமானத் தொழிலின் வழக்கம். எல்லோரும் வந்துவிட்டால்தான் சிக்கல். அப்போது, தாமாக விட்டுக்கொடுப்பவர்கள் உண்டா என்று முதலில் கேட்க வேண்டும் என்பது விதி.

நேரத்துக்கு வந்தவரை விருப்பமில்லாமல் நிறுத்தினால், ஒரு மணி நேரத்துக்குள் கிளம்பும் மாற்று விமானம் தர வேண்டும். முடியாவிட்டால் இழப்பீடு. 24 மணி நேரத்துக்குள் அனுப்பினால் ஒருவழி அடிப்படைக் கட்டணத்தின் இரண்டு மடங்கும் எரிபொருள் கட்டணமும், 10,000 ரூபாய் வரை. அதற்கும் மேல் தாமதமானால் நான்கு மடங்கு, 20,000 ரூபாய் வரை. மாற்று விமானமே வேண்டாம் என்பவருக்கு, டிக்கெட் பணம் முழுவதும் திரும்பக் கிடைப்பதோடு இந்த நான்கு மடங்கும் உண்டு.

கவுன்ட்டரை விட்டு நகருமுன் காரணத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு வீட்டுக்கு ஒரு போன்: நாளைக் காலை பாவுக்கு வேறு ஆள் பார்க்க வேண்டுமே!