ஒன்றரை பவுன் குண்டு

எனக்கும் துப்பாக்கிக்கும் உள்ள உறவு தீபாவளிக்குச் சுருள் கேப் வெடித்ததோடு சரி. அதிலும் பாதி புஸ்!

அப்படிப்பட்டவனை, கம்பெனி வேலையாக அமெரிக்காவின் கொலராடோவில் இருந்தபோது, ஆபீஸ் நண்பர் ஒருவர் எல்க் வேட்டைக்கு அழைத்துப் போனார். எல்க் என்றால் நம்ம கடமானுக்குப் பெரியண்ணன். "நீ சுட வேணாம். சும்மா வேடிக்கை பாரு!" பாதுகாப்புக்காக ஆரஞ்சு கலர் மேல்சட்டை மாட்டிவிட்டார். கண்ணாடியில் பார்த்தால், ரோடு போட வந்தவன் மாதிரி இருந்தேன்.

முதல் நாள் ராத்திரி மேஜையில் குண்டுகளைப் பரப்பினார். ஒவ்வொன்றும் 180 கிரெய்ன். கணக்குப் போட்டேன்... ஏறக்குறைய ஒன்றரை பவுன்! (புத்தி போகுமா?)

"இதுக்கு ரெண்டு வேலை. ஒண்ணுக்கொண்ணு ஆகாது" என்றார். தூரம் போக வேண்டுமானால் காற்றைக் கிழிக்க வேண்டும். அதற்காக மூக்கு கூர்மை, வால் படகு மாதிரி குறுகல். ஆனால், உடம்பில் பட்டதும் அதே குண்டு காளானாக விரிய வேண்டும். விரியாமல் ஊசி மாதிரி மறுபக்கம் போய்விட்டால், மான் காயத்தோடு ஓடி, எங்கேயோ மணிக்கணக்கில் துடித்துச் சாகும். அதனால்தான் மூக்கில் ஒரு சின்ன பிளாஸ்டிக் முனை. பட்டதும் உள்ளே அமுங்கி, ஆப்பு மாதிரி குண்டைத் திறந்துவிடும்.

"கொடூரமா இருக்கே!"

"உங்க கல்கத்தா பக்கம் டம்டம்ல 1890கள்ல பிரிட்டிஷ்காரங்க செஞ்ச சமாசாரம்தான். யுத்தத்துல இது கூடாதுன்னு 1899-ல ஹேக் மாநாட்டுல முடிவு பண்ணாங்க. இங்கே எல்க் வேட்டைக்கு விரியற குண்டுதான் சட்டம். அடிபட்ட சிப்பாய்க்கு டாக்டர் வருவார். மானுக்கு யார் வருவா?"

நான் வாயை மூடிக்கொண்டேன்.

மறுநாள் விடியற்காலை. குளிரில் பல் தந்தியடிக்கிறது. எதிர்ச் சரிவில் கிரீடம் வைத்த மாதிரி கொம்போடு ஒரு ஆண் எல்க்! நண்பர் குலுக்கலில் மூன்று வருஷம் காத்திருந்து வாங்கின லைசென்ஸ். அன்றைக்குக் கடைசி நாள் வேறு. தூரம் பார்க்கும் கருவி 800 கஜம் காட்டியது. துப்பாக்கியில் ஒட்டியிருந்த வேகக் கணக்கைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். துப்பாக்கியைத் தாழ்த்தினார்.

"குறி தப்பிடுமா?" என்றேன்.

"குண்டு போய்ச் சேரும். ஆனா, விநாடிக்கு 1,800 அடி வேகமாவது இருந்தாத்தான் இது வாய் திறக்கும். அவ்வளவு தூரம் போறதுக்குள்ள வேகம் அதுக்குக் கீழே எறங்கிடும்."

எல்க் எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், மெதுவாக மரங்களுக்குள் போய் மறைந்தது. அவர் குண்டை வெளியே எடுத்து, துடைத்து, பெட்டியில் வைத்து மூடினார்.

ஒன்றரை பவுனை இத்தனை பத்திரமாகத் திருப்பி வைத்த மனுஷனை நான் அடகுக் கடையில்கூடப் பார்த்ததில்லை!