ஆறு வரும் வழியில் ஒரு நாள்

சென்ற ஏப்ரல் விடுமுறையில் நாங்கள் குடும்பத்தோடு கல்லோயா தேசியப் பூங்காவுக்குப் போய் வந்தோம். கல்முனையிலிருந்து இங்கினியாகலை அதிக தூரமில்லை. காரைதீவுச் சந்தியில் திரும்பி, சம்மாந்துறையையும் அம்பாறையையும் தாண்டினால் வெயில் ஏறுமுன் சேர்ந்துவிடலாம். இவ்வளவு பக்கத்தில் இருந்தும் எங்கள் வீட்டில் வாப்பாவைத் தவிர வேறொருவரும் அந்தப் பக்கம் போனதில்லை. நாங்கள் கடலைப் பார்த்து வளர்ந்தவர்கள். எங்களுக்கு மேற்கே என்ன இருக்கிறது என்று யோசித்ததே குறைவு.

சாச்சா வருவார் என்று யாரும் நினைக்கவில்லை. பெப்ரவரியில், பெரும்போக அறுவடை முடிகிற நேரம், அவருடைய வயல் வாடியை ஒரு யானை பிரித்துப் போட்டது. உள்ளே இருந்த நெல் மூட்டைகள் தின்றது பாதி, சேற்றில் மிதிபட்டது பாதியாகப் போயின. இருட்டில் ஓடிய சாச்சா வரம்பில் தடுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டார். அன்றிலிருந்து அவர் வாயில் ஒரே பேச்சுத்தான்: "வயல வித்துப்போட்டு கட்டாருக்குப் போகப்போறன்."

அது மூத்தாப்பா விட்டுப்போன காணி. சாச்சா வேளாண்மை செய்ய, ஆசிரியரான வாப்பா செலவில் பாதியைப் போடுவார். சாச்சா போனால் வாப்பா தனியே சமாளிக்கமாட்டார். என் வகுப்புக் காசு, ராத்தாவின் கல்யாணச் செலவு எல்லாம் அந்த வயலை நம்பித்தான் இருக்கின்றன. அதனால் அந்தப் பேச்சு வரும்போதெல்லாம் உம்மா குசினிக்குள் போய்விடுவா.

தம்பிதான் சாச்சாவின் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. "நீங்க வராட்டி நானும் போகல்ல" என்று நின்றான். சாச்சா ஊன்றுகோலோடு வேனில் ஏறினார்.

சேனாநாயக்க சமுத்திரத்தை முதன்முதலில் பார்த்தபோது எனக்குச் சொல் வரவில்லை. இலங்கையின் மிகப் பெரிய நீர்த்தேக்கம் என்று புத்தகத்தில் படித்திருக்கிறேன். ஆனால் படிப்பது வேறு, அணைக்கட்டில் நின்று மறுகரையைத் தேடுவது வேறு. நம் முதலாவது பிரதமர் டி. எஸ். சேனாநாயக்கவின் பெயரே அதற்கு. கல்லோயா அபிவிருத்திச் சபை 1949இல் உருவானது. ஓர் அமெரிக்கக் கம்பனி அணையைக் கட்டியது. நீர் வந்து சேரும் காட்டைக் காக்கவென்று 1954இல் பூங்கா பிரகடனம் செய்யப்பட்டது. அதாவது, யானைகளைக் காட்டுவதற்காக அமைத்த பூங்கா அல்ல அது. நம் வயல்களுக்கு வரும் தண்ணீரைப் பாதுகாக்க விட்டுவைத்த காடு.

அந்த ஆற்றை நம் மூத்தவர்கள் பட்டிப்பளை ஆறு என்றே சொல்வார்கள். பதுளைக்குக் கிழக்கே மலைகளில் பிறந்து, கல்முனைக்குத் தெற்கே கடலில் விழுகிறது. வாப்பும்மாவிடம் கேட்டால் இன்றும் "கல்லோயா" என்று வாயில் வராது.

உயிர்காப்பு அங்கிகளைப் போட்டுக்கொண்டு படகில் ஏறினோம். நீருக்குள் பட்டுப்போன மரங்கள் கொப்பும் கிளையுமாக நின்றன. அவற்றில் நீர்க்காகங்கள் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தன. கரையோரம் முழுக்கப் புல்வெளி. குன்றுகளின் சரிவில் இலுக்குப் புல் ஆள் உயரம் நின்றது. அதற்கிடையே அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கடுக்காய், தான்றி, நெல்லி மரங்கள். உம்மா கைவைத்தியத்துக்குக் கடையில் வாங்கும் மூன்றும் அங்கே தாமாக முளைத்து நின்றன. "சும்மா கிடக்குதே" என்று உம்மா சொன்னது எல்லோருக்கும் சிரிப்பை வரவழைத்தது. அங்கே ஓர் இலையைப் பிடுங்கவும் அனுமதியில்லை.

ஒரு தீவைச் சுற்றி வந்தபோது படகோட்டி இயந்திரத்தை நிறுத்தினார். ஐந்து யானைகள் நீரில் இறங்கிக்கொண்டிருந்தன. சற்று நேரத்தில் உடல் முழுதும் மறைந்து, தும்பிக்கைகள் மட்டும் மேலே தெரிந்தன. நடுவில் ஒரு குட்டி. பெரிய யானைகள் இரண்டு அதன் இரு பக்கமும் அணைத்து நீந்தின. அடுத்த தீவில் புதுப்புல் இருக்கிறதாம். நாங்கள் எல்லோரும் போனைத் தூக்கினோம். ராத்தா "மாஷா அல்லாஹ்" என்றா. சாச்சா மட்டும் கையை மடியில் வைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுகள்தானா நம்மட வட்டைக்கு வாறது?" என்று வாப்பாவிடம் கேட்டார்.

வாப்பா சிங்களத்தில் கேட்டுச் சொன்னார். இந்தக் கூட்டமா என்று படகோட்டிக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் யானை சுவர் எழுப்பி வாழும் பிராணி அல்ல, தீனி இருக்கும் இடத்துக்கு நடக்கும் என்றார். இந்தக் குளம் இப்போது இருக்கும் இடம் முன்பு பள்ளத்தாக்கு. அங்கே யானையும் மேய்ந்தது, வேடர்களும் வாழ்ந்தார்கள். ரத்துகலையில் இன்றும் அவர்களுடைய கிராமம் இருக்கிறது.

சாச்சா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப நம்மட தண்ணி நிக்கிறது அதுகள்ற வளவில" என்றார்.

அந்த ஒரு வசனம் என் மனதில் தங்கிவிட்டது. அது யானை மீதான கோபம் தீர்ந்த பேச்சல்ல. கால் இன்னும் நொந்துகொண்டுதான் இருந்தது. அண்மைய ஆண்டுகளில் நம் நாட்டில் ஆண்டுதோறும் 100க்கு மேற்பட்ட மனிதர்கள் யானைகளால் இறக்கிறார்கள். 300க்கு மேற்பட்ட யானைகளும் இறக்கின்றன. இழந்தவர்களிடம் "யானை பாவம்" என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் நமக்குப் பக்கத்தில் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் பிளாஸ்டிக் தின்று 8 ஆண்டுகளில் ஏறத்தாழ 20 யானைகள் செத்தன என்று 2022இல் செய்தி வந்ததையும் மறக்க முடியவில்லை. நாம் கடைக்குப் போய்த் தூக்கிவருவதும் அதே பைகளைத்தானே?

படகை விட்டு இறங்கிய பின், சாச்சா ஊன்றுகோலோடு படகோட்டியிடம் போனார். தனக்குத் தெரிந்த கொஞ்சச் சிங்களத்தில் அவரே பேசினார். படகோட்டியின் மச்சான் ஊரில், பக்கத்துக் காணிக்காரர்கள் எல்லோரும் காசு சேர்த்து வயல்களைச் சுற்றி மின்வேலி போடுகிறார்களாம். பயிர் நிற்கும்வரை அவர்களே முறைவைத்துப் பார்ப்பார்கள். அறுவடை முடிந்ததும் கழற்றி வைத்துவிடுவார்கள். அதன்பின் வயலில் மிஞ்சியதை யானை வந்து தின்னலாம். நெல்லை மட்டும் வாடியில் வைக்காமல் உடனே ஊருக்கு ஏற்றிவிட வேண்டும். சாச்சா கம்பிக்கு என்ன விலை என்று கேட்டது எனக்குக் கேட்டது. வாப்பாவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

மரநிழலில் சோற்றுப் பார்சலைப் பிரித்துச் சாப்பிட்டு, ழுஹர் தொழுதுவிட்டுத் திரும்பினோம். வழியெல்லாம் வாய்க்கால் எங்களோடு கூடவே வந்தது. வேறு நாளென்றால் அதை நான் கவனித்திருக்கமாட்டேன்.

காணி வாங்க வந்த தரகரிடம் சாச்சா இன்னும் "இல்லை" என்று சொல்லவில்லை. "வாற பெரும்போகம் முடியட்டும், பாப்பம்" என்றுதான் சொல்லியனுப்பினார். ஆனால் பக்கத்து வயல்காரர்கள் ஏழு பேரைக் கூட்டி எங்கள் வீட்டு விறாந்தையில் இரண்டு தடவை பேசியிருக்கிறார். நான்தான் தேநீர் கொடுத்தேன். கணக்கெழுத ஒரு கொப்பி கேட்டார். என் பழைய உயிரியல் கொப்பியில் எழுதாமல் மிஞ்சிய தாள்களைக் கொடுத்தேன். முதல் தாளில் ஏழு பெயர்களும் ஏழு தொகைகளும் இருக்கின்றன.