அப்பாயியின் மஞ்சள் பால்

‘பாட்டி வைத்தியம்’ என்றாலே நம் தோழியருள் பலர் சிரிப்பர். வேறு சிலரோ அதை வேதவாக்காகவே கொள்வர். இவ்விரு சாராருக்கும் நடுவே நின்று, எங்கள் வீட்டு அடுப்பில் இரவுதோறும் காயும் ஒரு டம்ளர் மஞ்சள் பாலைப் பற்றி எழுதத் துணிந்தேன்.

அதை அருந்துபவர் என் அப்பாயி. வயது 72. இளமையில் திருச்சியிலிருந்து வேளாங்கண்ணிக்குக் கால்நடையாகவே சென்றவர். அங்கே பேராலயத்துக்கும் மாதா குளத்துக்கும் இடையேயுள்ள மணற்பாதையில் முழங்காலாலேயே நடந்து நேர்த்திக்கடன் செலுத்தியதை இன்றும் பெருமையோடு சொல்வார். அந்த முழங்கால்கள் இப்போது மடங்க மறுக்கின்றன. பூசையில் எழுந்தேற்றத்தின்போது எல்லாரும் முழந்தாளிட, தாம் மட்டும் நாற்காலியில் அமர்ந்திருப்பது அவருக்கு மூட்டுவலியினும் பெரிய வலி. “ஆண்டவர் வரும்போது குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கேனே, பாப்பா” என்று கண்கலங்குவார்.

மூட்டில் எலும்பின் முனையைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்பு தேய்ந்துவிட்டது என்றார் மருத்துவர். அப்பாயியோ மஞ்சளை நம்பினார்.

அவர் செய்முறையில் எவரும் கை வைக்கக் கூடாது. கடைத்தூள் ஆகாது. விரலி மஞ்சளை வாங்கிக் காயவைத்து, இடித்துச் சலித்துப் புட்டியில் வைத்திருப்பார். குளிக்கும் கஸ்தூரி மஞ்சள் அடுப்படிப் பக்கமே வரலாகாது. ஒரு டம்ளர் பாலில் கால் தேக்கரண்டித் தூளைப் போட்டு, பச்சை வாடை போகக் கொதிக்கவிட்டு, ஐந்து மிளகைத் தட்டிப் போட்டு, பனங்கற்கண்டு சிறிது சேர்த்து இறக்குவார். “மிளகு எதற்கு, அப்பாயி?” என்றால், “எங்க ஆத்தா போட்டுச்சு, நான் போடுறேன்” என்பதே விடை.

அந்த விடைக்குப் பின்னே நல்லதொரு காரணம் இருப்பதைப் பின்னர் அறிந்தேன். மஞ்சளுக்கு நிறம் தருவது குர்குமின் என்னும் பொருள். அது நீரில் எளிதில் கரையாது, கொழுப்பில் கரையும். ஆதலின் பால் பொருத்தமே. ஆயினும் தனியே உண்டால் அதில் மிகச் சிறிதளவே இரத்தத்தில் சேரும். நம் கத்தோலிக்க ஆயர்கள் நடத்தும் பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியினர் 1998இல் வெளியிட்ட ஆய்வில், 2 கிராம் குர்குமினோடு மிளகின் காரப்பொருளான பைப்பரினை 20 மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்தபோது, இரத்தத்தில் சேர்ந்த அளவு ஏறத்தாழ 20 மடங்கு உயர்ந்ததாகக் கண்டனர். இதை அப்பாயியிடம் சொன்னேன். “அதுக்குப் பெங்களூர் போகணுமா?” என்றார்!

ஆனால் கணக்கு என்று ஒன்று உண்டல்லவா? மஞ்சள்தூளில் குர்குமின் சுமார் 3 சதவீதமே. கால் தேக்கரண்டித் தூள் ஒரு கிராமுக்கும் குறைவு. அதில் 20 மில்லிகிராம் இருந்தால் அதிகம். முழங்கால் தேய்மானத்துக்கு மஞ்சள் வலி குறைக்கிறதா என்று பார்த்த ஆய்வுகளில் நாளொன்றுக்கு 1000 மில்லிகிராம் அளவில் கொடுத்திருக்கிறார்கள். அதை எட்ட அப்பாயி ஐம்பது டம்ளர் பால் குடிக்க வேண்டும். அப்படிக் கொடுத்தவர்களிலும் வலி ஓரளவு தணிந்ததே தவிர, தேய்ந்தது வளர்ந்ததாக நிரூபணம் ஆகவில்லை.

இந்தக் கணக்கு வீட்டில் ஒரு சிக்கலையும் கொண்டுவந்தது. “பாலில் போதாதென்றால் இது போதுமே, அம்மா” என்று சித்தப்பா வெளிநாட்டிலிருந்து மஞ்சள் மாத்திரைப் புட்டி ஒன்றை வாங்கி வந்தார். அப்பாயிக்கோ ஆசை முற்றிவிட்டது. தவக்காலத்துக்குள் முழந்தாளிட்டுவிடலாம் என்றே எண்ணினார். நல்லவேளையாக அப்பா புட்டியை மருத்துவரிடம் கொண்டுபோனார். இதயத் துடிப்புக் கோளாறுக்காக அப்பாயி இரத்தம் உறையாதிருக்கும் மாத்திரை உண்கிறார். அதோடு இந்த மாத்திரையும் சேர்ந்தால் இரத்தக்கசிவு ஏற்படக்கூடும். மிளகுச் சத்துச் சேர்த்த இத்தகைய மாத்திரைகளால் சிலருக்குக் கல்லீரலும் கெட்டதுண்டு என்றார் மருத்துவர். சமையலில் போடும் அளவும் இரவுப் பாலும் இருக்கட்டும், புட்டி வேண்டாம் என்பது அவர் தீர்ப்பு. அப்பாயி இரண்டு நாள் அவரோடு மானசீகமாகச் சண்டை போட்டார்.

அதே மருத்துவர் ஒரு பயிற்சியும் சொன்னார். நாற்காலியில் அமர்ந்து, காலை நேரே நீட்டித் தூக்கிச் சற்று நேரம் நிறுத்தி இறக்க வேண்டும். தொடைத்தசை வலுத்தால் மூட்டின் சுமை குறையும். “எம்புட்டு நேரம்னு எனக்கு எப்படித் தெரியும்?” என்று முனகிய அப்பாயி தாமே வழி கண்டார். செபமாலையில் ஓர் ‘அருள் நிறைந்த மரியே’ முடியும்வரை ஒரு கால். அடுத்த மணிக்கு மறு கால். இப்போது ஐம்பத்து மூன்று மணிக்கும் தூக்குகிறார். சாய்மானத்தைப் பிடிக்காமல் எழுகிறார். கோயிற்படி மூன்றையும் துணையின்றி ஏறுகிறார். பால்தான் காரணம் என்பது அவர் கட்சி. நான் மறுப்பதில்லை, டம்ளர் காலியாகும்வரை அவரோடு அமர்ந்திருப்பது எனக்கும் பிடிக்கும்.

முழந்தாளிடுவது மட்டும் கைகூடவில்லை. மறைக்கல்வி வகுப்பில் சிஸ்டரிடம் கேட்டேன். முழந்தாளிட இயலாதோர், எழுந்தேற்றத்துக்குப் பின் குருவானவர் முழந்தாளிட்டு வணங்கும்போது ஆழ்ந்து பணிந்து வணங்கலாம் என்று திருப்பலி ஒழுங்கிலேயே இருப்பதாகச் சொன்னார்கள். வீட்டுக்கு ஓடிப்போய் அப்பாயியிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டார். அடுத்த ஞாயிறு முதல் முன்னிருக்கையில் நெற்றி படும்படி குனிந்து வணங்குகிறார்.

“இப்போது மனம் ஆறிற்றா, அப்பாயி?” என்று கேட்டேன்.

“அது சட்டம், பாப்பா. எனக்கு இருக்கிறது ஆசை” என்று சொல்லிவிட்டு, மிளகு குறைந்துவிட்டதாகக் குறை கூறினார்.