அண்ணன் போனில் இருந்த கிராண்ட்மாஸ்டர்



தேசூரில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து போனில் செஸ் ஆடுவேன். உள்ளே தறிச் சத்தம். எதிராளி நம்ம மெக்கானிக்கல் பிரிவு நண்பன் (பேர் வேண்டாம், படித்தால் அவனுக்கே புரியும்). போன செமஸ்டரில் தொடர்ந்து மூன்று ஆட்டம் தோற்றேன். நாலாவது ஆட்டத்தில் அண்ணன் போனில் செஸ் இன்ஜினைத் திறந்து வைத்து, அது சொன்னபடியே காய் நகர்த்தினேன். ஜெயித்தேன். மறுநாள் கேன்டீனில் "கலக்கிட்டடா மச்சான்!" என்று அவனே டீ வாங்கிக் கொடுத்தான். குடித்தேன்.

பெரிய இடத்திலும் இது உண்டு. 2020 மே மாதம் ஃபார்முலா ஈ நடத்திய கம்ப்யூட்டர் கார் பந்தயத்தில், டேனியல் ஆப்ட் தனக்குப் பதில் வேறொருவரை ஓட்ட வைத்தார். 10,000 யூரோ அபராதம். ஆடி நிறுவனமும் அவரை சஸ்பெண்ட் செய்தது.

2021 ஜூன் 13 அன்று கொரோனா நிவாரணத்துக்காக நம்ம விஸ்வநாதன் ஆனந்த், பிரபலங்கள் பலரோடு ஒரே நேரத்தில் ஆன்லைனில் ஆடினார். தொழிலதிபர் நிகில் காமத் ஜெயித்துவிட்டார். ஐந்து முறை உலக சாம்பியனையா! மறுநாளே, கம்ப்யூட்டர் உதவி இருந்ததென்று ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். செஸ்.காம் அவர் கணக்கை மூடியது, பிறகு திறந்தும் விட்டது. ஆனந்த் கோபப்படவில்லை. பலகையில் இருந்ததைப் பார்த்து ஆடினேன், எல்லோரிடமும் அதையே எதிர்பார்த்தேன் என்று மட்டும் எழுதினார்.

என் நண்பனும் அதைத்தானே எதிர்பார்த்தான்? என்னை எந்தக் கம்ப்யூட்டரும் பிடிக்கவில்லை. அந்த டீதான் இன்னும் உறுத்துகிறது.

மச்சான், நாலாவது ஆட்டமும் உன்னுடையதுதான். திங்கட்கிழமை பலகையோடு வருகிறேன். டீ என் செலவு.