கடைசி மிதிவண்டி

"பெண்கள் வரலாம், புதியவர்கள் வரலாம், அனைவரையும் வரவேற்கிறோம்!"

நமது மிதிவண்டிக் கழகத்தின் அறிவிப்பில் இந்த வரிகளைப் பெரிய எழுத்தில் பொறித்தவர்கள் நாம்தாம். சமத்துவம் பேசும் நாம் வேறெப்படி எழுதுவோம்? எழுதினோம், பூரித்தோம். வந்தவர்கள் மறுவாரம் ஏன் வருவதில்லை என்பதை மட்டும் எண்ணிப் பார்த்தோமில்லை.

கேட்டவர்க்குச் சொல்ல விடையும் ஆயத்தமாக இருந்தது: "அவர்களுக்கு ஆர்வமில்லை!" ஒதுக்கியவன் ஒதுக்கப்பட்டவனைப் பற்றி எந்நாளும் சொல்லிவந்த விடை அல்லவா அது? கல்விக்கூடத்தின் கதவை அடைத்துவிட்டு, 'படிப்பு அவர்களுக்கு ஏறாது' என்றோரை மேடைதோறும் எள்ளி நகையாடியவர்கள் நாம். அதே விடையை மிதிவண்டிமீது அமர்ந்து நாமே சொன்னோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நமக்குப் பாடம் கிடைத்தது. திருச்சியிலிருந்து கீரனூர் நோக்கிப் புறப்பட்டோம். அன்று புதியவர் இருவர்: மருத்துவமனைச் செவிலியான இளம்பெண் ஒருவர்; கடன் வாங்கிய வண்டியோடு வந்த, ஐம்பதைத் தாண்டிய எழுத்தர் ஒருவர். சிறிது தொலைவு ஒன்றாகச் சென்றோம். பிறகு ஒருவர் முந்தினார். அவரை மற்றவர் முந்தினார். வேகம் வீரமாயிற்று, வீரம் வெறியாயிற்று. கீரனூர்த் தேநீர்க் கடையில் அமர்ந்து, யார் முதலில் வந்தது என்று வழக்காடிக்கொண்டிருந்தோம். ஒரு மணி நேரத்திற்குப் பின் அவ்விருவரும் வந்தனர், மிதித்தபடியல்ல, தள்ளியபடி!

அந்தப் பெண்ணின் வண்டி வழியில் பஞ்சராகியிருக்கிறது. ஒட்டுவதற்கான கருவிகள் எல்லாம் நம் பைகளில் பத்திரமாக இருந்தன. 'இவர் தேறமாட்டார்' என்று நாம் மனத்துக்குள் தீர்ப்பெழுதிய எழுத்தர் ஒருவரே, ஓடக்கூடிய தம் வண்டியிலிருந்து இறங்கி, அவருக்குத் துணையாக நடந்து வந்திருக்கிறார். அன்றைய பயணத்தில் கழகத்தின் கொள்கையைக் காப்பாற்றியவர் அவர்தாம்.

கடைக்கார அம்மையார் வாய் திறந்தார்: "தம்பி, எங்களுக்குச் சைக்கிள் கத்துக் குடுத்தவங்க சீட்டைப் புடிச்சுக்கிட்டுப் பின்னால ஓடியாந்தாங்க. நீங்க என்னப்பா, முன்னால ஓடியாந்து உக்காந்துக்கிட்டீங்க?"

தலை கவிழ்ந்தோம். அவர் நின்ற மண் எது? புதுக்கோட்டை மாவட்டம்! 1991-இல் அங்கு அறிவொளி இயக்கம் எழுந்தபோது, எழுத்தோடு மிதிவண்டியையும் பெண்களுக்குக் கற்பித்தார்கள். அன்றைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்கு ஊக்கமளித்தார். வயலில் உழைத்தோர், கல்லுடைத்தோர், அங்கன்வாடிப் பணியாளர் என ஓரிலட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் ஓட்டக் கற்றனர். பெண்களுக்கான வண்டி போதாதபோது ஆண்களின் வண்டியிலேயே ஏறினர். குறுக்குக் கம்பியில் குழந்தையை அமர்த்தலாமே என்று அதையே விரும்பியோரும் உண்டு! அத்தனை ஆர்வம் எங்கிருந்து வந்தது? வானத்திலிருந்தா விழுந்தது? இல்லை. விழுந்தால் தாங்க ஒரு கை பின்னால் இருந்தது. கூட ஓட்டத் தோழியர் இருந்தனர். ஏளனத்தை ஊரறியக் கூட்டாக எதிர்கொண்டனர்.

அந்த ஏளனம் நம் நாட்டுச் சரக்கு மட்டுமன்று. 1897-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பெண்களுக்குப் பட்டம் வழங்கலாமா என்று வாக்கெடுத்தபோது, எதிர்த்த மாணவர்கள் மிதிவண்டியேறிய பெண்ணின் உருவப்பொம்மையைத் தெருவில் தொங்கவிட்டனர். பட்டம் கிட்ட 1948 ஆயிற்று. கற்றோர் கூட்டமும் கதவடைக்கும் என்பதற்கு அது சான்று.

பகுத்தறிவாளர் நாம், காற்றின் கணக்கையும் பார்ப்போம். காற்றை எதிர்க்க நொடிதோறும் செலவாகும் ஆற்றல் வேகத்தின் முப்படியாக உயர்கிறது. மணிக்கு 20 கி.மீ. வேகம் 30 ஆனால், வேகம் ஒன்றரை மடங்கு. காற்றோடு போராடும் ஆற்றலோ மூன்று மடங்குக்கும் மேல்! கூட்டத்துக்குள் செல்பவர் முன்செல்வோரின் மறைவில் இளைப்பாறுகிறார். விடுபட்டவரோ தன்னந்தனியாகக் காற்றை எதிர்க்கிறார். அவர் அரும்பாடுபட்டு வந்து சேர்ந்ததும், அதுவரை ஓய்ந்திருந்த நாம் "புறப்படலாமா?" என்கிறோம். வலியவனுக்கு மறைவும் ஓய்வும், எளியவனுக்குக் காற்றும் களைப்பும்! இந்த அநீதியைச் சமுதாயத்தில் கண்டு கொதிக்கும் நாம், சாலையில் அதை இயற்கை என்று எண்ணலாமா?

அந்தச் செவிலியிடம் சென்று மன்னிப்புக் கேட்டோம். "மன்னிப்பு எதற்கு? முறையை மாற்றுங்கள்" என்றார். மாற்றினோம்.

எவ்வளவு தொலைவு, என்ன வேகம், எப்போது திரும்புவோம் என்பதை முன்னரே அறிவிக்கிறோம். இருள் நீங்கிய பிறகே புறப்படுகிறோம். பெண்களுக்குக் கழிப்பிட வசதியுள்ள இடத்திலேயே நிற்கிறோம். ஒவ்வொரு திருப்பத்திலும் காத்திருக்கிறோம். கடைசியாக வந்தவர் நீரருந்தி மூச்சு வாங்கி, 'சரி' என்ற பிறகே நகர்கிறோம். கருவிப் பையோடு தேர்ந்த ஒருவர் என்றும் கடைசியில் வருகிறார். அவருக்குப் பின்னால் எவரும் இல்லை. இருக்கையின் உயரத்தைச் சரிசெய்யவும் பஞ்சர் ஒட்டவும் எல்லோருக்கும் கற்றுத் தருகிறோம். கேளாத அறிவுரையை யாருக்கும் வழங்குவதில்லை. 'பெண்ணாக இருந்தும் நன்றாக ஓட்டுகிறாயே' என்ற பாராட்டையும்தான்!

"வேகமாகச் செல்ல விரும்புவோர் என்ன செய்வது?" என்று சில தோழர்கள் கேட்டனர். நியாயமான கேள்வி. வேகப் பயணத்துக்கு வேறு நாள் ஒதுக்கினோம். வேகத்தை முன்னரே சொல்லிவிடுவதால் அதில் வஞ்சகமில்லை. மெதுவான அணி பெண்கள் அணி, விரைவான அணி ஆண்கள் அணி என்ற பாகுபாடும் இல்லை. நம் எழுத்தர் முதலதில் வருகிறார், அந்தச் செவிலி இரண்டிலும் வருகிறார்.

சென்ற ஞாயிறன்று மீண்டும் கீரனூர் சென்றோம். வழிநடத்தியவர் அந்தச் செவிலி. கருவிப் பையோடு கடைசியில் வந்தவர்கள் நாம். கடைக்கார அம்மையார் எண்ணிப் பார்த்து, "எல்லாரும் வந்தாச்சா?" என்றார்.

வந்துவிட்டோம், அம்மா. எல்லோரும் வந்துவிட்டோம்.